கதவின் அடிமடிப்பிலும் வீல் ஆர்ச்சிலும் துருக் கொப்புளம்: கம்ப்ரஸர் இல்லாமல் வீட்டிலேயே சரிசெய்ய

#1 உப்பளக்காற்று

தூத்துக்குடி. 2012 ஹேட்ச்பேக், சாதா வெள்ளை, மெட்டாலிக் இல்லை. வண்டி நிற்பது திறந்தவெளியில். துரு உள்ள இடங்கள்:

அ) இடது பின்கதவின் அடி ஓரத்தில் வரிசையாக நாலு கொப்புளம். பெரியது 8 மி.மீ. இருக்கும்.
ஆ) வலது பின் வீல் ஆர்ச்சின் உதட்டில் 5 செ.மீ. நீளத்துக்கு பெயின்ட் உரிந்து பழுப்பாகத் தெரிகிறது.
இ) பானட் முன் விளிம்பில் கல் தெறித்த இரண்டு புள்ளி.
ஈ) டிக்கி கதவு முழுக்க குண்டூசித் தலை அளவில் ஆரஞ்சுப் புள்ளிகள், நூற்றுக்கு மேல்.

கையில் இருப்பது டிரில், 4 இஞ்ச் கிரைண்டர், சாதாரணக் கைக்கருவிகள். கம்ப்ரஸர் கிடையாது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, ரெட் ஆக்ஸைடு அடித்து, மேலே ஸ்பிரே கேன் என்று நினைத்திருக்கிறேன். இந்த வரிசை சரியா? ரஸ்ட் கன்வர்ட்டர் (துருவை வேறு பொருளாக மாற்றும் திரவம்) அவசியமா?

#2 பட்டறைப்பக்கம்

நாலும் நாலு விதமான வேலை சார். முதலில் எது எதுவென்று பிரித்துக்கொள்ளுங்கள்.

(ஈ) பெரும்பாலும் பாடித் துருவே இல்லை. ரயில் பாதை, வெல்டிங் பட்டறை, துறைமுகம் பக்கத்தில் நிற்கும் வெள்ளை வண்டிகளில் பறந்து வரும் இரும்புத்தூள் பெயின்ட் மேல் ஒட்டித் துருப்பிடிக்கும். கீழே இருக்கிற தகட்டுக்கு ஒன்றும் ஆகியிருக்காது. நகத்தால் தடவினால் சொரசொரப்பாக மேடு தெரியும். வண்டியைக் கழுவி நிழலில் நிறுத்தி, பெயின்ட்டுக்கென்று விற்கும் இரும்புத்தூள் நீக்கியை அடியுங்கள். தூள் இருக்கும் இடம் ஊதா நிறமாக மாறி வழியும். காய விடாமல் 4-5 நிமிஷத்தில் தண்ணீர் விட்டு அலசுங்கள். மீதி இருந்தால் சோப்புத் தண்ணீர் தெளித்து கிளே பாரால் (களிமண் மாதிரிப் பிசையக்கூடிய கட்டி) தேய்த்தால் வந்துவிடும். இதற்கு உப்புத்தாள் எடுத்தால் நல்ல பெயின்ட்டைக் கெடுத்துக்கொள்வீர்கள்.

(இ) வெளியிலிருந்து வந்த துரு. சுலபம்.

(ஆ) இரண்டு பக்கமும் பார்க்கணும்.

(அ) உள்ளேயிருந்து வருகிற துரு. இதுதான் உண்மையான தலைவலி. கதவின் வெளித்தகடு அடியில் உள்சட்டத்தைச் சுற்றி மடங்கியிருக்கும். அந்த மடிப்புக்குள் தண்ணீர் தங்கினால் துரு உள்ளே பிடித்து, பெயின்ட்டைத் தூக்கிக்கொண்டு வெளியே வரும். வெளியே 8 மி.மீ. தெரிந்தால் உள்ளே 2-3 செ.மீ. பரவியிருக்கும் என்று வைத்துக்கொண்டுதான் வேலையைத் தொடங்கணும்.

எதையும் தேய்ப்பதற்கு முன்னால் மூன்று சோதனை. ஒன்று, மெல்லிய துணி சுற்றிய சின்ன காந்தத்தைக் கொப்புளத்தைச் சுற்றி நகர்த்துங்கள். பிடிப்பு தளர்கிற இடத்தில் பழைய பட்டி (பள்ளம் நிரப்பும் பசை) இருக்கும். இரண்டு, பழைய ஸ்குரூடிரைவர் முனையால் கொப்புளத்தின் நடுவில் அழுத்திக் குத்துங்கள். உள்ளே போனால் அது ஓட்டை. பட்டி வைத்து மூடுகிற வேலை இல்லை. மூன்று, கதவின் அடியில் இருக்கும் வடிகால் துளைகளில் கேபிள் டை விட்டுப் பாருங்கள்.

#3 உப்பளக்காற்று

பார்த்துவிட்டேன். காந்தம் எல்லா இடத்திலும் நன்றாகப் பிடிக்கிறது. ஸ்குரூடிரைவர் எங்கும் உள்ளே போகவில்லை, குழி மட்டும். கதவில் மூன்று வடிகால் துளை, அதில் இரண்டு மண்ணால் அடைத்திருந்தது. துளையைத் திறந்ததும் அரை டம்ளர் அளவுக்குத் தண்ணீர் வடிந்தது. (ஈ) கிளே பாரிலேயே போய்விட்டது, நன்றி.

#4 பட்டறைப்பக்கம்

காரணம் கிடைத்துவிட்டது. கண்ணாடி ஓர ரப்பர் வழியாகக் கதவுக்குள் தண்ணீர் இறங்குவது குறைபாடு இல்லை. எல்லாக் கதவிலும் இறங்கும். அது வடிந்து போகத்தான் கீழே துளை. துளை அடைத்தால் மடிப்பு மழைக்காலம் முழுக்கத் தண்ணீரில் ஊறும். கடலோரத்தில் அந்தத் தண்ணீரில் உப்பும் சேர்ந்தால் துரு பல மடங்கு வேகமாக ஓடும். துளையைத் திறக்காமல் வெளியே எவ்வளவு நல்ல பெயின்ட் அடித்தாலும் அடுத்த மழைக்காலத்துக்குள் அதே இடத்தில் கொப்புளம் வரும்.

வேலையை ஆரம்பிக்கும் முன்: கதவின் உள்பக்க மூடுபலகையை (டிரிம்) கழற்றுங்கள். உள்ளே மண்ணைத் தண்ணீர் விட்டு அலசி, டிரிம் இல்லாமல் இரண்டு நாள் வெயிலில் கதவைத் திறந்து காய விடுங்கள். பாட்டரி இறங்காமல் இருக்க உள்விளக்கை அணைத்துவிடுங்கள். சைடு ஏர்பேக் உள்ள வண்டியாக இருந்தால் கதவில் சென்சார் இருக்கலாம்; டிரிம்மைத் தொடும் முன் பாட்டரி நெகடிவைக் கழற்றணும்.

இப்போது உரிப்பது. கொப்புளத்தின் விளிம்பிலிருந்து எல்லாப் பக்கமும் 3 செ.மீ. தள்ளி மாஸ்கிங் டேப் ஒட்டி எல்லை போடுங்கள். டேப்புக்கு உள்ளே 80 நம்பர் தாளால் பெயின்ட்டை எடுங்கள். பளபளக்கும் வெறும் இரும்பு சுற்றிலும் குறைந்தது 1 செ.மீ. தெரிகிற வரை போகணும். டேப்பைத் தாண்டியும் பழுப்புக் கோடு போகிறதென்றால் டேப்பைத் தள்ளி ஒட்டுங்கள். துருவின் எல்லையைத் துருதான் முடிவு செய்யணும்.

கிரைண்டரில் ஃபிளாப் டிஸ்க் (உப்புத்தாள் மடல்கள் அடுக்கிய வட்டு) போடாதீர்கள். பாடித் தகடு 0.7 மி.மீ. சுமார்தான். ஃபிளாப் டிஸ்க் துருவோடு சேர்த்து நல்ல இரும்பையும் தின்றுவிடும், சூட்டில் தகடு வளையும். நைலான் ஸ்ட்ரிப் டிஸ்க் என்று கருப்பாக, தேங்காய் நார் மாதிரி ஒன்று கிடைக்கும். அது பெயின்ட்டையும் துருவையும் எடுக்கும், இரும்பை அதிகம் தொடாது. அதை ஒரே இடத்தில் அழுத்திப் பிடிக்காமல் ஓட்டிக்கொண்டே இருங்கள்.

கம்பி கப் பிரஷ் பற்றித் தனியாகச் சொல்லணும். அது துருவை எடுப்பதைவிட மினுக்குவதுதான் அதிகம். குழிக்குள் இருக்கும் துரு தேய்ந்து கருப்பாகப் பளபளக்கும், சுத்தமான இரும்பு என்று கண்ணை ஏமாற்றும். செல்போன் டார்ச்சைச் சாய்வாகப் பிடித்துப் பாருங்கள். இரும்பு சாம்பல் வெள்ளையாக இருக்கும். அதற்குள் மிளகு தூவின மாதிரி கருப்புப் புள்ளி தெரிந்தால் எல்லாம் துரு. அந்தக் குழிகளைக் கூர்மையான ஸ்கிரேப்பர் முனையால் ஒவ்வொன்றாகச் சுரண்டணும். நேரம் பிடிக்கும். முழு வேலையில் பாதி நேரம் இங்கேதான் போகணும்.

கிரைண்டர் ஓட்டும்போது பக்கத்துக் கண்ணாடியையும் நல்ல பெயின்ட்டையும் ஈரத் துணியால் மூடுங்கள். பொறி கண்ணாடியில் பதிந்தால் போகாது. பெயின்ட்டில் பதிந்தால் (ஈ) மாதிரிப் புள்ளிகள் மறுபடி வரும். ஸ்டீல் கம்பளி வேண்டாம், அதன் துணுக்கு குழியில் மாட்டி அதுவே துருப்பிடிக்கும். கண்ணுக்குக் கண்ணாடி, மூக்குக்கு என்95 கட்டாயம்.

#5 கார்த்திகை_மழை

இவ்வளவு சுரண்டுவதற்குப் பதில் பாத்ரூம் ஆசிட் தடவினால் ஒரு நிமிஷத்தில் துரு கரைந்துவிடுகிறதே? பல பேர் அப்படித்தான் செய்கிறார்கள்.

#6 வேதிக்கூடம்

கரையும், அதுதான் ஆபத்து. பாத்ரூம் ஆசிட் என்பது ஹைட்ரோகுளோரிக் அமிலம். துருவைக் கரைத்த பிறகு அது குளோரைடை இரும்பின் குழிகளுக்குள் விட்டுவிட்டுப் போகும். உப்பில் இருப்பதும் அதே குளோரைடுதான். எவ்வளவு அலசினாலும் மடிப்புக்குள் போனது வெளியே வராது. அலசி முடித்த அரை மணியில் தகடு முழுக்க மஞ்சள் பூத்துவிடும். பெயின்ட் அடித்து மூடினாலும் அடியில் வேலை செய்துகொண்டே இருக்கும். அதன் ஆவி பக்கத்தில் இருக்கும் ஸ்குரூ, கதவுக் கீல், கருவிகள் எல்லாவற்றையும் துருப்பிடிக்க வைக்கும். வண்டிப் பாடியின் பக்கமே அதைக் கொண்டுவராதீர்கள். வினிகரில் உப்புக் கலந்து தடவுவதும் இதே கணக்கு.

கன்வர்ட்டரில் இரண்டு குடும்பம் உண்டு. கடையில் இரண்டும் ஒரே பெயரில் இருக்கும். லேபிளைப் படித்து வாங்குங்கள்.

முதலாவது பாஸ்பாரிக் அமிலம். துருவை இரும்பு பாஸ்பேட்டாக மாற்றும், காய்ந்தால் சாம்பல் படிவு. இரண்டாவது டானிக் அமிலமும் லேடெக்ஸ் பாலிமரும் சேர்ந்தது. பால் மாதிரி இருக்கும், துரு மேல் பட்டதும் நீலக்கருப்பாகிப் படலமாகக் காயும்.

நீங்கள் எபாக்ஸி பிரைமர் (இரண்டு பாகத்தைக் கலந்து பூசும் அடிப்பூச்சு) அடிப்பதானால் பாஸ்பாரிக்தான் சரி. லேடெக்ஸ் படலம் மென்மையானது. அதன் மேல் வீரியமான தின்னர் உள்ள எபாக்ஸி உட்கார்ந்தால் பிடிப்பு நிச்சயமில்லை. டானிக் வகை சேஸிஸ் அடிப்பாகம், பிராக்கெட் போல் யாரும் பார்க்காத இடங்களுக்கு நல்லது.

பாஸ்பாரிக்கைப் பயன்படுத்தும் முறையில்தான் பலரும் தவறுகிறார்கள். சுரண்டி முடித்த குழிகளில் மட்டும் பிரஷால் தடவுங்கள். 15-20 நிமிஷம் ஈரமாகவே வைத்திருங்கள். காய்கிற மாதிரி தெரிந்தால் மேலும் கொஞ்சம். நடுவில் நைலான் பிரஷால் தேய்த்துக் கொடுங்கள். முடிவில் நிறையத் தண்ணீர் விட்டு அலசி, துடைத்து, உடனே ஹேர் டிரையரால் சூடாக்கிக் காய வையுங்கள். கை வைத்தால் சுடணும், அந்த அளவுக்கு. அமிலம் அப்படியே காய்ந்து பிசுபிசுப்பாக நின்றால் அதன் மேல் எபாக்ஸி இறுகாமல் உரியும். அப்படி ஆகிவிட்டால் மறுபடி அமிலம் தடவி ஈரமாக்கி அலசணும். தண்ணீர் மட்டும் போதாது. கையுறை போடுங்கள், அலசும் தண்ணீர் மற்ற பெயின்ட்டில் நிற்க விடாதீர்கள்.

தடிமனான துருச் செதில் மேல் கன்வர்ட்டர் பூசுவது வீண். மேல் அடுக்கு மட்டும் மாறும், அடியில் துரு துருவாகவே இருக்கும்.

#7 இருசக்கரம்

கழற்றி எடுக்க முடிகிற பாகங்களுக்கு (பம்பர் பிராக்கெட், ஸ்கூட்டர் ஸ்டாண்டு மாதிரி) அமிலத்தைவிட மின்பகுப்பு நல்லது. பிளாஸ்டிக் வாளியில் 10 லிட்டர் தண்ணீர், 100-150 கிராம் சலவைச் சோடா. பாகம் நெகடிவில், பழைய சாதா இரும்புத் துண்டு பாசிடிவில், 12 வோல்ட் சார்ஜர். இரண்டும் தொட்டுக்கொள்ளக் கூடாது. ஒரு ராத்திரியில் குழிக்குள் இருக்கும் துருகூட கருப்புச் சேறாகக் கழன்று வரும். பாசிடிவில் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வைக்கவே கூடாது, நச்சுக் குரோமியம் தண்ணீரில் கலக்கும். ஹைட்ரஜன் வெளியேறுவதால் திறந்தவெளியில் வைத்துச் செய்யுங்கள்.

#8 பட்டறைப்பக்கம்

அடுத்து பிரைமர். ரெட் ஆக்ஸைடு வேண்டாம் சார். அது ஜன்னல் கம்பி, கேட்டுக்கு வந்தது. மெதுவாகக் காயும் எண்ணெய் வகை. மேலே வண்டிப் பெயின்ட்டின் தின்னர் பட்டால் சுருங்கி மேலெழும்பும், அப்பளம் மாதிரி. துருவை நிறுத்துகிற வேலையை எபாக்ஸி பிரைமர்தான் செய்யும், ஏனென்றால் அதற்குள் தண்ணீர் எளிதில் நுழையாது. மற்றபடி கடையில் ஸ்பிரே கேனில் கிடைக்கும் சாம்பல் பிரைமர் எல்லாம் பஞ்சு மாதிரி. அதை அடித்துவிட்டு "பிரைமர் போட்டாச்சே" என்று ஒரு வாரம் வண்டியை வெளியே ஓட்டினால் ஈரம் உறிஞ்சி அடியில் துரு ஆரம்பிக்கும்.

எபாக்ஸி இரண்டு டப்பாவாக வரும். கம்ப்ரஸர் தேவையில்லை, உங்கள் அளவுக்குச் சின்ன பிரஷ் போதும். டப்பாவில் போட்டிருக்கும் விகிதத்தைச் சிரிஞ்சால் அளந்து கலக்குங்கள், கண்ணளவு கூடாது. சில வகையில் கலந்து 15-20 நிமிஷம் வைத்த பிறகே பூசச் சொல்லியிருப்பார்கள், அதைப் படித்துக்கொள்ளுங்கள்.

பூசும் முன் துடைப்பது: சுத்தமான இரண்டு பனியன் துணி. ஒன்றில் கிரீஸ் நீக்கியோ ஐசோபுரோபைல் ஆல்கஹாலோ நனைத்துத் துடைத்து, அது ஆவியாகும் முன் மற்றொன்றால் உலர்த்தித் துடைக்கணும். ஒரே துணியால் தேய்த்தால் எண்ணெயை இடம் மாற்றி வைப்பதுதான் நடக்கும். மண்ணெண்ணெய், டபிள்யூடி-40 இரண்டும் எண்ணெய்ப் படலம் விடும். பெயின்ட் அங்கங்கே விலகி மீன்கண் (சின்ன வட்டக் குழி) விழும். துடைத்த பிறகு வெறுங்கையால் தொடாதீர்கள். தகட்டை வெறும் இரும்பாக உரித்த அதே நாளில், முடிந்தால் அதே மணி நேரத்தில், எபாக்ஸி ஏறிவிடணும். உங்கள் ஊர்க் காற்றில் ராத்திரி விட்டால் காலையில் மஞ்சள் தெரியும்.

இரண்டு கோட், நடுவில் அரை மணி. இரண்டாவது கோட்டை மடிப்பின் அடி விளிம்பில் கொஞ்சம் தளர்வாகக் கலந்து ஓட விடுங்கள், மடிப்பின் வாய்க்குள் இழுத்துக்கொள்ளும்.

#9 தகரவேலை

ஒரு இடத்தில் மாறுபடுகிறேன். பட்டியை எபாக்ஸி மேல் வைக்கச் சொல்லப்போகிறீர்கள் என்று தெரிகிறது. பட்டி வெறும் இரும்பு மேல், 80 நம்பர் கீறலில் கடித்துப் பிடிக்கிற மாதிரி வேறெதன் மேலும் பிடிக்காது. பல பட்டி டப்பாக்களில் இன்றும் அப்படித்தான் போட்டிருக்கிறது. எபாக்ஸி சரியாகக் காயாமல் அதன் மேல் பட்டி வைத்தால் இரண்டும் சேர்ந்து தகடாக உரியும்.

#10 பட்டறைப்பக்கம்

நீங்கள் சொல்வது டென்ட்டுக்குச் சரி அண்ணே. அடிபட்டு நெளிந்த சுத்தமான தகட்டில் நேரே பட்டி வைத்து, அன்றைக்கே மூடினால் ஒன்றும் ஆகாது. இங்கே விஷயம் துருக் குழி. பாலியஸ்டர் பட்டியில் டால்க் நிறைய இருக்கிறது, ஈரத்தை இழுக்கும். குழியின் அடியில் கண்ணுக்குத் தெரியாத துரு கொஞ்சம் மிச்சம் இருந்து, அதன் மேல் ஈரம் இழுக்கும் பட்டி உட்கார்ந்தால் மறுபடி கொப்புளம்தான். எபாக்ஸி அதற்கு நடுவில் பூட்டுப் போடும்.

நீங்கள் சொன்ன உரியும் ஆபத்தும் உண்மைதான். அதனால் எபாக்ஸியை ஒரு ராத்திரி முழுக்க இறுக விட்டு, 180 தாளால் மேல் பளபளப்பு போகிற அளவுக்கு மட்டும் கீறிவிட்டுப் பட்டி வைக்கணும். நகத்தால் அழுத்தினால் தடம் விழுகிறது என்றால் இன்னும் ஒரு நாள் காத்திருக்கணும். எட்ச் பிரைமர் என்ற அமில வகை மேல் மட்டும் பட்டி வைக்கவே கூடாது. அமிலம் பட்டியை இறுக விடாது.

#11 தகரவேலை

துருக் குழிக்கு ஏற்றுக்கொள்கிறேன். அப்படியானால் பட்டி பற்றி நான் சொல்லிவிடுகிறேன், தம்பி சிரமப்பட வேண்டாம்.

பட்டியின் தடிமன் 2 மி.மீ. தாண்டக் கூடாது. அதற்கு மேல் தேவைப்பட்டால் தகட்டைத் தட்டிச் சரிசெய்யணும், பட்டியால் நிரப்பக் கூடாது. ஹார்டனர் எடையில் நூற்றுக்கு இரண்டு. எலுமிச்சம்பழ அளவு பட்டிக்கு ஊறிய கொண்டைக்கடலை அளவு ஹார்டனர் என்று வைத்துக்கொள்ளுங்கள். நம் ஊர் வெயிலில் 4-5 நிமிஷத்தில் இறுக ஆரம்பிக்கும், அதனால் சின்ன உருண்டையாகக் கலக்குங்கள். பலகையில் தேய்த்துத் தேய்த்துக் கலக்கணும். கிண்டினால் காற்றுக் குமிழி சேர்ந்து பிறகு ஊசித் துளையாகத் தெரியும். நிறம் முழுக்க ஒரே மாதிரி வரணும், சிவப்புக் கோடு எங்கும் இருக்கக் கூடாது.

"சீக்கிரம் காயட்டும்" என்று ஹார்டனரைக் கூட்டினால் வெள்ளை வண்டியில் கட்டாயம் மாட்டுவீர்கள். மிஞ்சிய பெராக்ஸைடு மேலே ஏறி, சில வாரத்தில் வெள்ளைப் பெயின்ட்டில் மஞ்சள் கறையாகத் தெரியும். குறைத்துப் போட்டாலோ அடியில் ரப்பர் மாதிரி நின்று பிறகு அமுங்கும்.

முதல் தடவை மெல்லிசாக அழுத்தி இழுத்துக் குழிகளுக்குள் ஏற்றுங்கள், அடுத்த தடவை கொஞ்சம் மேடாக. அரை மணி கழித்து மரக்கட்டையில் 120 தாள் சுற்றித் தேய்த்து, 180ல் முடியுங்கள். விரலால் தாளைப் பிடித்துத் தேய்த்தால் அலை அலையாக வரும். பட்டியை எப்போதும் உலர்வாகத்தான் தேய்க்கணும். தண்ணீர் தொட்டுத் தேய்த்தால் பட்டி அதைக் குடித்துவிடும், பிறகு பெயின்ட் அடியில் இருந்து ஆவி தள்ளும். ஊசித் துளைகளுக்கு மட்டும் என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) பட்டி, அதுவும் நக அளவு மெல்லிசாக. தடிமனாக வைத்தால் மாதக்கணக்கில் சுருங்கிக்கொண்டே இருந்து, அந்த இடம் பள்ளமாகத் தெரியும். எம்-சீல் வைத்து மூடாதீர்கள். பைப்புக்கு அது நல்லது, தேய்த்துச் சமப்படுத்தும் போது பக்கத்துப் பெயின்ட் தேயும், அது தேயாது.

#12 உப்பளக்காற்று

எல்லாம் குறித்துக்கொண்டேன். வீல் ஆர்ச், பானட் புள்ளிக்கும் இதே முறையா? பெயின்ட் எந்த மாதத்தில் அடிக்கலாம்?

#13 பட்டறைப்பக்கம்

பானட் புள்ளிக்கு இவ்வளவு வேண்டாம். கூர் முனையால் பழுப்பைச் சுரண்டி, பல்குத்தியால் ஒரு சொட்டு பாஸ்பாரிக், அலசி உலர்த்தி, பல்குத்தியாலேயே எபாக்ஸி ஒரு சொட்டு. மறுநாள் டச்-அப் பெயின்ட்டை மூன்று நாலு தடவை, ஒவ்வொன்றும் காய்ந்த பிறகு, சுற்றுப் பெயின்ட்டைவிட நூலளவு மேடாகிற வரை வையுங்கள். ஒரு வாரம் விட்டு 2000 நம்பர் தாளைச் சோப்புத் தண்ணீரில் நனைத்து அந்த மேட்டை மட்டும் சமப்படுத்தி, ரப்பிங் காம்பவுண்ட்.

வீல் ஆர்ச்சில் முதலில் சக்கரத்தைக் கழற்றி (ஜாக்கில் மட்டும் நிற்க விடாமல் ஸ்டாண்டு வைத்து) உதட்டின் உள்பக்கத்தைக் கையால் தடவிப் பாருங்கள். அங்கே ஈர மண் கட்டியாக ஒட்டியிருக்கும், அதுதான் காரணம். உதட்டின் உள்பக்கமும் வெளிப்பக்கமும் ஒரே நாளில் வெறும் இரும்பாக உரித்து, இரண்டு பக்கமும் எபாக்ஸி. வெளியே மட்டும் செய்தால் உள்ளேயிருந்து மறுபடி வரும். எபாக்ஸி இறுகிய பிறகு உள்பக்கம் மட்டும் கல் தெறிப்பைத் தாங்கும் அண்டர்கோட். துரு மேல் நேரே அண்டர்கோட் அடிப்பது துருவுக்குப் போர்வை போர்த்துகிற மாதிரி. கீறல் வழியாக ஈரம் உள்ளே போகும், வெளியே வராது.

காலம்: உங்கள் ஊரில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை தொடவே வேண்டாம். 30 டிகிரியில் ஈரப்பதம் 85 சதவீதம் என்றால் 27 டிகிரியிலேயே பனி பூக்கும். தகடு அதைவிட 3 டிகிரியாவது சூடாக இருக்கணும் என்பது பெயின்ட் வேலையின் அடிப்படை. பிப்ரவரிக்குப் பிறகு காலை 9 முதல் 12 வரை நல்ல நேரம். மதியத்துக்கு மேல் கடல்காற்று உப்பையும் ஈரத்தையும் கொண்டுவரும். அதே சமயம் நேர் வெயிலில் கை வைக்க முடியாமல் சுடும் தகட்டில் அடித்தால் பெயின்ட் பரவும் முன் காய்ந்து மணல் மாதிரி நிற்கும். நிழல், காற்று அடங்கிய இடம், தரையில் தண்ணீர் தெளித்துத் தூசி அடக்கியிருக்கணும்.

பெயின்ட்டுக்கு நிறக் குறியீடு பாருங்கள். வெள்ளையிலேயே எத்தனையோ வெள்ளை இருக்கிறது. பானட்டுக்குள்ளோ கதவுத் தூணிலோ இருக்கும் தகட்டில் இருக்கும். உதாரணத்துக்கு மாருதி சுஸுகியில் 26யூ என்றால் சுப்பீரியர் ஒயிட், இசட்2எஸ் என்றால் சில்க்கி சில்வர். பெயின்ட் கலக்கும் கடையில் குறியீட்டைச் சொன்னால் 400 மி.லி. ஸ்பிரே கேனில் நிரப்பித் தருவார்கள். வண்டி வெயிலில் மங்கியிருப்பதால் அட்டையில் அடித்துக் காய வைத்து, பெட்ரோல் மூடி பக்கத்தில் வைத்துப் பார்த்த பிறகே வண்டியில் அடியுங்கள்.

அடிப்பது: சாம்பல் சர்ஃபேஸர் (தேய்த்துச் சமப்படுத்தும் பூச்சு) இரண்டு மூன்று மெல்லிய கோட், காய்ந்ததும் 400, பிறகு 600. தேய்க்கும்போது எங்காவது இரும்பு பளிச்சென்று தெரிந்தால் அந்த இடத்தில் மறுபடி எபாக்ஸி. விட்டுவிட்டு மேலே போகாதீர்கள். சுற்றியுள்ள பழைய பெயின்ட்டை ஒரு சாண் தூரம் வரை 1000 தாளால் மங்க வையுங்கள். மாஸ்கிங் டேப்பை நேரே ஒட்டினால் விளிம்பில் படி விழும்; காகிதத்தை உள்நோக்கி மடித்து உருட்டின மாதிரி ஒட்டுங்கள், பெயின்ட் தானாக மங்கி முடியும். கதவில் ஒரு வரிக்கோடு இருந்தால் அதுவரை அடித்து அங்கே நிறுத்தினால் சேர்மானம் கண்ணுக்குத் தெரியாது.

கேனை இளஞ்சூடான தண்ணீரில் பத்து நிமிஷம் வைத்து, உள்ளே குண்டு சத்தம் கேட்ட பிறகு இரண்டு நிமிஷம் குலுக்குங்கள். கொதிநீர் வேண்டாம், வெடிக்கும். 20-25 செ.மீ. தூரம். அழுத்துவதும் விடுவதும் துருப்பிடித்த இடத்துக்கு வெளியே நடக்கணும். முதல் கோட் அடி தெரிகிற மாதிரி மெல்லிசாக. 10-15 நிமிஷ இடைவெளியில் மொத்தம் மூன்று. ஒரே கோட்டில் மூடப் பார்த்தால் வழியும். பிறகு கிளியர் (நிறமில்லாத மேல்பூச்சு) இரண்டு கோட். கிளியர் வெளுத்துப் பால் மாதிரி பூத்தால் காற்றில் ஈரம் அதிகம் என்று அர்த்தம், அன்றைக்கு நிறுத்திவிடுங்கள்.

சாதாரண ஸ்பிரே கேன் கிளியர் பெட்ரோல் பட்டால் இளகும். பெட்ரோல் மூடி அருகில் வேலை இருப்பவர்களுக்கு அது ஆகாது.

#14 வேதிக்கூடம்

அதற்கு டூ-கே (ஹார்டனர் கலந்து அடிக்கும்) கிளியர் வாங்கலாம் என்று யாராவது சொல்லும் முன்: அதன் ஹார்டனரில் ஐசோசயனேட் இருக்கிறது. ஒரு தடவை நுரையீரல் அதற்கு ஒவ்வாமை பிடித்துக்கொண்டால் பிறகு சிறிதளவு பட்டாலும் ஆஸ்துமா வரும், அது திரும்பாது. என்95 முகக்கவசம் ஆவியைத் தடுக்கவே தடுக்காது. பட்டறைகளில் வெளிக்காற்றைக் குழாய் வழியாகத் தரும் முகமூடியோடு அடிக்க வேண்டிய பொருள் அது. வீட்டு வாசலில், குழந்தைகள் நடமாடும் இடத்தில் வேண்டாம். அந்தக் கோட்டை மட்டும் பட்டறையில் அடித்து வாங்குங்கள்.

#15 ஸ்காபரோக்காரன்

கனடாவிலை இருந்து எழுதுறன். இஞ்ச கறள் (துரு) எண்டால் பனிக்காலத்திலை றோட்டுக்குப் போடுற உப்பாலை வாறது. வெளிப் பூச்சைவிட உள்ப்பக்கக் காப்பைத்தான் இஞ்ச முக்கியமாப் பாக்கிறவை. ஒவ்வொரு வருசமும் பனி துவங்க முந்தி கதவுக்குள்ளையும் அடிப்பாகத்திலையும் காயாத எண்ணெய் அடிப்பினம். அது மடிப்புக்குள்ளை தானே ஊர்ந்து போய்த் தண்ணியை வெளியிலை தள்ளும். குறை என்னவெண்டால் வருசா வருசம் திருப்பி அடிக்க வேணும், ஒரு கிழமைக்குச் சொட்டிக்கொண்டு இருக்கும். உங்கட வெக்கைக்கு கேவிட்டி மெழுகுதான் (பாடியின்ரை உள் இடுக்குகளுக்கு அடிக்கிற மெழுகு) கூடப் பொருத்தம். அது திரவமாப் போய்ப் பிறகு மெழுகா நிக்கும்.

#16 கார்த்திகை_மழை

பழைய இன்ஜின் ஆயில் ஊற்றினால் ஆகாதா? அதுவும் எண்ணெய்தானே.

#17 வேதிக்கூடம்

ஓடிய இன்ஜின் ஆயிலில் எரிந்த எரிபொருளின் அமிலங்களும் நீரும் கலந்திருக்கும். அதோடு கதவின் ரப்பர் பீடிங்கை ஊதிப் பருக்க வைக்கும், சொட்டுகிற இடமெல்லாம் மண்ணில் நஞ்சு. தோலில் படுவதும் கெடுதல். கேவிட்டி மெழுகு கிடைக்காவிட்டால் புது லித்தியம் கிரீஸைக் கொஞ்சம் டர்பன்டைனில் இளக்கிப் பிரஷால் பூசுவதுகூட இதைவிட மேல்.

#18 பாலாற்றங்கரை

என் கேள்வி வேறு. ஓட்டுநர் கதவுக்குக் கீழே இருக்கும் படியில், ஜாக் வைக்கும் இடத்துக்குப் பக்கத்தில் ஸ்குரூடிரைவர் உள்ளே போகிறது. ஃபைபர் மேட் ஒட்டிப் பட்டி பார்த்தால் போதுமா?

#19 தகரவேலை

போதாது, செய்யாதீர்கள். அந்தப் படி வண்டியின் எலும்பு. அதே மாதிரி சீட் பெல்ட் பிடிக்கும் இடம், சஸ்பென்ஷன் மேல் தாங்கி, கதவுத் தூண்களின் அடி. இவற்றில் ஓட்டை என்றால் துருப்பிடித்த பகுதியை வெட்டி எடுத்து, அதே தடிமனில் புதுத் தகடு வைத்து மிக் வெல்டிங் செய்யணும். ஃபைபர் மேட் பார்வைக்கு மூடும், மோதும்போது மடங்கும். ஜாக் வைத்தால் உள்ளே போய் வண்டி உங்கள் மேல் இறங்கும். வெல்டிங் முடிந்ததும் உள்பக்கம் மெழுகு அடிக்கச் சொல்லி வாங்குங்கள். சூட்டில் உள்பக்கப் பூச்சு எரிந்திருக்கும், பலரும் அதை விட்டுவிடுவார்கள்.

#20 உப்பளக்காற்று

பிப்ரவரியில் செய்வதாகத் திட்டம். கதவுக்கு என் வரிசை:

முதல் நாள்: டிரிம் கழற்றி, அலசி, வடிகால் திறந்து காய வைப்பது. மூன்றாம் நாள் காலை: உள்ளே மடிப்பில் கேவிட்டி மெழுகு அடித்துவிட்டு, வெளியே உரிப்பது, பாஸ்பாரிக், எபாக்ஸி. நாலாம் நாள்: பட்டி, சர்ஃபேஸர். ஐந்தாம் நாள்: பெயின்ட், கிளியர். ஆறாம் நாள்: மடிப்பின் வாயில் சீம் சீலர் (இணைப்பு இடுக்கை அடைக்கும் பசை) போட்டு, டிரிம் மாட்டி வெளியே எடுப்பது.

சரியாக இருக்கிறதா?

#21 பட்டறைப்பக்கம்

இரண்டு மாற்றம்.

மெழுகு கடைசியில். மூன்றாம் நாளே அடித்தால் வெயில் சூட்டில் மடிப்பு வழியாக வெளியே கசியும்; எபாக்ஸி அந்த விளிம்பில் பிடிக்காது, பெயின்ட்டில் மீன்கண் விழும். பெயின்ட் அடித்து ஒரு வாரம் கழித்து, டிரிம் இன்னும் மாட்டாத நிலையில், உள்ளேயிருந்து நீளக் குழாய் வைத்த கேனால் அடியுங்கள். அதுவரை மழையில் நிறுத்த வேண்டாம்.

சீம் சீலர் எபாக்ஸிக்குப் பிறகு, சர்ஃபேஸருக்கு முன். அது பெயின்ட்டுக்கு அடியில் இருக்க வேண்டிய பொருள். மேலே பெயின்ட் அடிக்கலாம் என்று போட்ட பாலியூரித்தேன் வகையாக வாங்குங்கள். சிலிகான் வகை வேண்டவே வேண்டாம், அதன் மேல் எந்தப் பெயின்ட்டும் நிற்காது. விரலால் மெல்லிசாக இழுத்துவிடுங்கள், வடிகால் துளையின் வாயை மூடாமல். மெழுகு அடித்த மறுநாள் கேபிள் டை விட்டு மூன்று துளையையும் திறந்து, மேலே கண்ணாடி ஓரத்தில் ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். கீழே மூன்றிலும் வடிந்தால் டிரிம்மை மாட்டுங்கள்.